பல்லை மாற்றலாம், பிரேக்கை?

ராணுவம் கழித்துவிட்ட கனரக லாரிகள்தான் அமெரிக்கக் கிராமத் தீயணைப்புப் படைகளுக்குக் கைகொடுக்கின்றன. இழுவையில் யானை, வேகத்தில் மாட்டுவண்டி. ஆக்சிலின் பற்சக்கரத்தை மாற்றி அதை ஓடவைக்கும் ஆசையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

தகவல் வரும்போது ஒருவர் வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். மூன்றாமவர் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த சில நிமிடங்களில் மூவரும் தீயணைப்பு நிலையத்தில் இருந்தாக வேண்டும். அமெரிக்கக் கிராமங்களின் வழக்கம் இது. அந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். கோடையில் காய்ந்த புல்வெளி பற்றிக்கொண்டால் முதலில் போய் நிற்பவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் ஏறிப்போகும் வண்டியும் பல ஊர்களில் விலைக்கு வாங்கியதல்ல. ராணுவம் கழித்துவிட்ட லாரி. புத்தம் புதிய தீயணைப்பு வண்டி வாங்க வசதியில்லாத ஊர்களுக்கு, அமெரிக்க வனத்துறை மாநில வன இலாகாக்கள் மூலமாக உபரி ராணுவ வண்டிகளைக் கொடுத்துவருகிறது. சில வண்டிகள் கடனாக, சில சொந்தமாகவே. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியும் பம்ப்பும் ஏற்றி, பச்சை நிறத்தின் மேல் சிவப்பு அடித்தால் வண்டி தயார். இப்படி மாற்றுவதற்கான வரைபடங்களைத் தயாரித்துத் தரும் வேலையை மிச்சிகன் மாநிலத்தின் ராஸ்காமன் என்ற ஊரில் உள்ள ஒரு மையம் செய்துவந்திருக்கிறது.

இந்த லாரிகளை ஊர்கள் எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது 2014-ல் வெளிப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்படாத வண்டிகளை இனி வெளியே தருவதற்கில்லை என்று பாதுகாப்புத் துறை அந்த ஆண்டு கைவிரித்தது. ஓக்லஹோமா, மிச்சிகன் போன்ற மாநிலங்களிலிருந்து கூக்குரல் எழுந்தது. சில வாரங்களிலேயே தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆக, வண்டி உண்டு. வலு உண்டு. குறை ஒன்றுதான்: வேகம்.

56 மைலின் கணக்கு

இந்த லாரிகளில் பிரசித்தி பெற்றது எம்-35. 'இரண்டரை டன்' என்பதுதான் படைவீரர்கள் மத்தியில் அதன் செல்லப்பெயர். லான்சிங் நகரத்து ரியோ நிறுவனம் வடிவமைத்து, 1950-ஐ ஒட்டிப் படையில் சேர்ந்தது. கொரியாவில் ஓடியது, வியட்நாமில் ஓடியது. பல நிறுவனங்கள் கைமாறிக் கைமாறி 1980களின் இறுதிவரை அதைத் தயாரித்தன. மூன்று ஆக்சில், பத்து டயர், ஆறு சக்கர இடங்களுக்கும் எஞ்சின் விசை. சாலையே இல்லாத இடத்தில் இரண்டரை டன், சாலையில் 5 டன் சுமக்கும் என்பது ராணுவக் கணக்கு.

அதன் உச்ச வேகம் மணிக்கு 56 மைல்; அதாவது 90 கிலோமீட்டர். ஏன் அதற்கு மேல் போகாது? எஞ்சினுக்கு வலுவில்லை என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி ஆக்சிலுக்குள் இருக்கிறது.

லாரிப் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு கிரவுன், பினியன் என்ற பெயர்கள் பழக்கம். எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் சிறிய பினியன். அது சுற்றும்போது, தட்டு போன்ற பெரிய கிரவுனைச் சுற்றவைக்கிறது. பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்று வைத்துக்கொண்டால், தண்டு ஏறத்தாழ 6.83 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். வேகம் அத்தனை மடங்கு குறைகிறது. சக்கரத்தைத் திருப்பும் விசை அத்தனை மடங்கு கூடுகிறது. உராய்வில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இந்தப் பேரத்தில் இனாம் எதுவும் கிடையாது.

எம்-35-ன் ராக்வெல் ஆக்சிலில் இந்த விகிதம் 6.72. அதை ஒரே தாவலில் எட்டுவதில்லை, இரண்டு படியாக இறங்குகிறது. முதலில் கிரவுன்-பினியன் ஜோடி. அடுத்து, அருகருகே சுற்றும் இன்னொரு ஜோடிப் பற்சக்கரம். இப்படிப் பிரித்துக்கொள்வதால் கிரவுனை ராட்சத அளவில் செய்யவேண்டியதில்லை. எஞ்சின் தண்டும் ஆக்சிலின் மேல்புறமாக உள்ளே நுழைகிறது. கல்லும் மரக்கட்டையும் கிடக்கும் தடத்தில் தண்டு அடிபடாமல் தப்பிக்கிறது.

இனிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் உச்சம் நிமிடத்துக்கு 2,600 சுற்று. ஐந்தாவது கியர் அதைச் சற்றுக் கூட்டி ஏறத்தாழ 3,300 ஆக்கித் தண்டுக்குத் தருகிறது. அதை 6.72-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு 490 சுற்று. டயர் ஒருமுறை உருண்டால் சுமார் 3.1 மீட்டர். பெருக்கினால் மணிக்கு 91 கிலோமீட்டர் வருகிறது. ராணுவத்தின் 56 மைல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். அந்த எண் பற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ராணுவத்துக்கு இது குறையாகத் தெரியவில்லை. நீண்ட வரிசையில் போகும் படை லாரி, சேற்றில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, பின்னால் பீரங்கியையும் இழுக்கவேண்டும். அதற்கு வேண்டியது இழுவை. நெடுஞ்சாலையில் கார்களை முந்துவதற்காக யாரும் அதைப் படைக்கவில்லை.

மூன்று குறுக்கு வழிகள்

ஆனால் தீயணைப்புப் படைக்கு நிமிடங்கள் முக்கியம். 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு பற்றி எரியும்போது, எஞ்சின் அலற அலற 80-ல் ஊர்ந்துபோவது யாருக்கும் பொறுக்காது. ஏலத்தில் இந்த லாரிகளை வாங்கிச் சீராட்டும் தனியார் ஆர்வலர்களுக்கும் இதே ஆதங்கம்தான். எனவே பட்டறைகளில் மூன்று வைத்தியங்கள் நடக்கின்றன.

முதலாவது சுலபமானது: பெரிய டயர். விட்டம் 40 அங்குல டயரைக் கழற்றி 46 அங்குலத்தை மாட்டினால் ஒரு சுற்றுக்கு 15 சதவீதம் அதிக தூரம் போகும். பற்களைத் தொடாமலேயே 6.72 என்பது 5.84 ஆகிவிட்டதற்குச் சமம்.

இரண்டாவது, கியர் பெட்டியை மாற்றுவது. அல்லது அதற்குப் பின்னால் வேகத்தைக் கூட்டும் இன்னொரு சிறு பெட்டியைச் சேர்ப்பது. இதில் தண்டு முன்னைவிட வேகமாகச் சுற்றவேண்டியிருக்கும். சமநிலை சரியாக இல்லாத பழைய தண்டு அதிரத் தொடங்கும்.

மூன்றாவது, ஆக்சிலைத் திறந்து பல்லையே மாற்றும் அறுவைச் சிகிச்சை. இது பொறுமை கேட்கும் வேலை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பதப்படுத்திய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இரண்டாவது படியில் கைவைத்தால் இன்னொரு நிபந்தனை. இரண்டு தண்டுகளுக்கும் இடையிலான தூரம் வார்ப்பிலேயே நிலையாகிவிட்டது. ஆகவே சின்னச் சக்கரத்தில் 2 பல் கூட்டினால் பெரிய சக்கரத்தில் 2 பல் குறைத்தாக வேண்டும். மாட்டிய பின் பல்லில் சாயம் தடவிச் சுற்றிப்பார்த்து, ஒரு பல் மறு பல்லின் நடுவில் பதிகிறதா, ஓரத்தில் பதிகிறதா என்று கவனிக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் ஆக்சில் ஊளையிடும். பிறகு பல் உதிரும்.

இதோடு முடியவில்லை. பின் ஆக்சில்கள் இரண்டையும் மாற்றிவிட்டு முன் ஆக்சிலை அப்படியே விட்டுவிட்டால், சேற்றில் முன் சக்கரங்களுக்கு விசை கொடுத்த கணமே இரண்டு பக்கமும் மல்லுக்கட்டும். ஒரே தண்டிலிருந்து விசை பெறும் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். ஒன்று டயர் வழுக்கும், அல்லது ஏதாவது ஒரு தண்டு முறியும். மாற்றினால் மூன்று ஆக்சிலையும் மாற்றவேண்டும்.

வேகம் வந்தது, பிறகு?

பட்டறைக்காரர் திறமைசாலி, எல்லாம் சரியாகச் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 6.72 என்ற விகிதம் 5.5 ஆகிவிட்டது. காகிதத்தில் லாரியின் வேகம் 91-லிருந்து 111 கிலோமீட்டராகிவிட்டது. இழுவை 18 சதவீதம் போய்விட்டது. 'பரவாயில்லை, நாம் என்ன பீரங்கியா இழுக்கிறோம்?' என்று தோன்றும்.

தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பதை அங்கே மறந்துவிடுகிறார்கள். சாலை இல்லாத இடத்தில் இந்த லாரி சுமக்கவேண்டியது 2,268 கிலோ. தண்ணீராகச் சொன்னால் 2,268 லிட்டர். தொட்டி, பம்ப், குழாய், ஆட்கள் ஆகியவற்றின் எடையைக் கழித்தால் இன்னும் குறைவு. ஆனால் பெரிய தொட்டி வைக்கும் ஆசை எல்லா ஊருக்கும் உண்டு.

இத்தனை பாரத்தை இழுக்க எஞ்சினில் இருப்பது ஏறத்தாழ 140 குதிரைத்திறன். சமதரையிலேயே அது 111-ஐ எட்டத் திணறும். சிறு ஏற்றம் வந்தால் ஐந்தாவது கியரிலிருந்து இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படியானால் புதிதாகக் கிடைத்த வேகம் எங்கே கைக்கு வரும்? இறக்கத்தில். எங்கே அது வேண்டாமோ, சரியாக அங்கே.

இறக்கத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் 22 சதவீதம் கூடினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய வெப்பம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுகிறது. அந்தப் பிரேக்கோ 90 கிலோமீட்டருக்கு என்று செய்யப்பட்டது. எம்-35-ன் பரவலான ரகங்களில் காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும்.

மிஞ்சுவது கைப்பிரேக்கும் எஞ்சினின் பிடிமானமும். இங்கேதான் பல் மாற்றத்தின் சூட்சுமமான விளைவு தெரிகிறது. இந்த லாரியின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. ஆக்சிலுக்கு முன்னால், தண்டைப் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் பிடியையும் ஆக்சில் 6.72 மடங்கு பெருக்கித்தான் சக்கரத்துக்குக் கொடுத்துவந்தது. எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தினாலும் அதே பெருக்கல்தான். விகிதம் 5.5 ஆனதும் இரண்டு பிடியும் 18 சதவீதம் தளர்கின்றன. இழுவையை விற்று வேகத்தை வாங்கியவர், நிறுத்தும் வலுவிலும் ஒரு பங்கைச் சேர்த்தே விற்றிருக்கிறார். ரசீதில்தான் அது எழுதப்படவில்லை.

பெரிய டயர் போட்டவர் கதை இன்னும் மோசம். சக்கரப் பிரேக்கின் பிடி அதே அளவுதான். ஆனால் டயர் பெரிதானதால் தரையில் அது செலுத்தும் விசை 13 சதவீதம் குறைகிறது. வண்டியும் 3 அங்குலம் உயர்ந்துவிட்டது. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதும்போது, வளைவில் கவிழ்வதற்கு அந்த 3 அங்குலமும் தன் பங்கைச் செய்யும்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல வேகமானி பொய் சொல்லும். அது கணக்கெடுப்பது ஆக்சிலுக்கு முன்னால் உள்ள சுற்றை. முள் 90 என்று காட்டும்போது வண்டி 110-ல் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவர் பக்கத்து ஊர்த் தொண்டர். லாரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர் அல்ல.

ராணுவம் கற்ற பாடம்

இது வெறும் பயமுறுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது. கனமான லாரியின் பிரேக்கும் டயரும் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ராணுவமே அனுபவித்திருக்கிறது. 1980களில் படைக்கு வந்த 5 டன் லாரி எம்-939. முந்தைய லாரியின் எஞ்சினோடு தானியங்கி கியரும் காற்றுப் பிரேக்கும் சேர்ந்தவை. மணிக்கு 60 மைலைத் தாண்டக்கூடியது. ஆனால் மழையில் நனைந்த சாலையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. சேற்றுக்காகச் செய்த டயர்கள் ஈரத் தாரில் வழுக்கின. லாரிகள் கவிழ்ந்தன, வீரர்கள் இறந்தார்கள்.

1990களின் இறுதியில் ராணுவம் அந்த லாரிகளுக்கு மணிக்கு 40 மைல் என்று கடிவாளம் போட்டது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1999-ல் இந்த விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பும் ரேடியல் டயர்களும் பொருத்துவது என்று முடிவாயிற்று. எஞ்சினையோ ஆக்சிலையோ யாரும் குற்றம் சொல்லவில்லை. ஓடத் தெரிந்த அளவுக்கு அதற்கு நிற்கத் தெரியவில்லை. குறை அதுதான்.

தீயணைப்புத் துறையிலும் இதே பாடம் உண்டு. தண்ணீர் லாரிகளின் விபத்துகளைப் பற்றி அமெரிக்காவின் மத்தியத் தீயணைப்பு நிர்வாகம் 2003-ல் தனியாக ஒரு கையேடே வெளியிட்டது. நெருப்பை அணைக்கும் முன்பே சாலையில் உயிரை விடுபவர்களைக் குறைப்பதுதான் அதன் நோக்கம்.

பல்லை மாற்றியவர்கள்

அப்படியானால் ஆக்சில் விகிதத்தில் கைவைக்கவே கூடாதா? வைத்தவர்கள் இருக்கிறார்கள், வெற்றியும் பெற்றிருக்கிறார்கள். சோவியத் யூனியனின் மியாஸ் நகரத்தில் 1961-லிருந்து தயாரான ராணுவ லாரி உரல்-375. இந்தியப் படையிடமும் உள்ள கிராட் ராக்கெட் செலுத்திகளை முதலில் சுமந்தது இந்த ரக லாரிதான். நிமிடத்துக்கு 3,200 சுற்று வரை போகும் பெட்ரோல் எஞ்சின். ஆக்சில் விகிதம் 8.9. உச்ச வேகம் 75 கிலோமீட்டர்.

1977-ல் அதன் வாரிசாக உரல்-4320 வந்தபோது எஞ்சின் டீசலுக்கு மாறியது. டீசல் எஞ்சின் 2,600 சுற்றோடு நின்றுவிடும். ஆனால் குறைந்த சுற்றிலேயே அதிகம் இழுக்கும். பழைய பற்களை அப்படியே விட்டிருந்தால் லாரி நொண்டியிருக்கும். விகிதம் 7.32 ஆகக் குறைக்கப்பட்டது. வேகம் 85-க்கு உயர்ந்தது. எஞ்சின் 180 குதிரைத்திறனிலிருந்து 210 ஆகியிருந்ததால் இழுவையிலும் பெரிய நஷ்டமில்லை. பல்லை மாற்றியது உண்மை. ஆனால் எஞ்சினையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் மாற்றினார்கள்.

அமெரிக்க ராணுவமும் 1990களில் பழைய எம்-35-களில் ஒரு பகுதியைப் புதுப்பித்தபோது ஒரு பாகத்தை மட்டும் தொடவில்லை. எஞ்சின், தானியங்கி கியர், டயர், ஸ்டீரிங், பிரேக் என்று தொகுதியாகவே மாற்றியது. ஒரு பட்டறையும் ஒரு வார இறுதியும் மட்டும் கையில் உள்ள தொண்டர் படைக்கு அந்த வசதி இல்லை.

வேகம் கேட்காத மலை

இந்தக் கதைக்கு இந்தியாவில் ஒரு மறுபக்கம் உண்டு. எம்-35-ன் பிற்கால எஞ்சினுக்கு எரியூட்டும் முறையைத் தந்தது ஜெர்மனியின் மான் நிறுவனம். அதே மான் நிறுவனத்தின் உரிமம் பெற்று, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1959-ல் ஜபல்பூரில் உருவானதுதான் இந்திய ராணுவத்தின் 'சக்திமான்' லாரி. 1990களின் நடுப்பகுதி வரை அது தயாரானது. படை கழித்த சக்திமான்கள் ஏலத்தில் கைமாறி மணிப்பூர், நாகாலாந்து மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மரமும் மணலும் கல்லும் ஏற்றிக்கொண்டு, சாலை என்று சொல்ல முடியாத தடங்களில் 21-ஆம் நூற்றாண்டிலும் அவை ஏறி இறங்கின.

அங்கே வேகம் ஒரு பொருட்டே அல்ல. மழைக்காலச் செம்மண் சேற்றில் வேண்டியது நிதானமான இழுவை. இறக்கத்தில் எஞ்சினே இறுக்கிப் பிடிக்கும் பிடிமானம். ராணுவம் எந்த வேலைக்காக அந்தப் பற்களை வெட்டியதோ, கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் மலைவாசிகளும் அதனிடம் வாங்கினார்கள். லாரியும் வேலையும் பொருந்திப்போயின.

ஓக்லஹோமா புல்வெளியின் பக்கத்து நெடுஞ்சாலை அப்படியல்ல. அங்கே அவசரம் உண்மையானது. வீடும் கால்நடையும் எரிவது உண்மை. அதற்குப் பதில் லாரியின் பல்லில் இல்லை. முதலில் ஓடிச் சேர வேகமான சிறு வண்டி, பின்னாலேயே நிதானமாகத் தண்ணீர் கொண்டுவர ராணுவ லாரி என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இரண்டு வண்டியும் தத்தம் வேலையைச் செய்யும். 20 கிலோமீட்டர் தூரத்தில் 90-க்கும் 110-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. அந்த நிமிடங்களை மிச்சம்பிடிக்கப் போய் வளைவில் கவிழ்ந்த லாரி, தீயிடம் வந்து சேரப்போவதே இல்லை.